இடக்காது

ஆட்டை வரைந்தவன் நானல்ல.
ப்ரிஸ்டலில் ஒரு செதுக்குக்காரன் செம்பில் கீறியது அது.
நான் அடியில் கையெழுத்துப் போட்டவன்.
ஒரு பவுனுக்கு ஒரு கறுப்புச் செம்மறி,
இரண்டு பவுனுக்கு இரண்டு,
பத்து ஷில்லிங்குக்கு ஒரு குட்டி.
எழுத்தறியாதவர்களும் எண்ணிக்கொள்ளட்டும் என்றார்
முதலாளி பியூ.
கேட்ட மாத்திரத்தில் கொடுப்பேன் என்ற வாக்கு மட்டும்
ஆங்கிலத்தில் இருந்தது.
தெய்வி ஆற்றின் இரு கரையிலும்
அதைப் படிக்க ஏழெட்டுப் பேர் தேறுவார்கள்.

மாட்டுக்கு லாடம் அடித்து,
வாத்துகளின் பாதத்தைத் தாரிலும் மணலிலும் தோய்த்து
லண்டன் சந்தைவரை நடத்திப்போன ஓட்டிகள்
திரும்புகையில் ஒவ்வொரு புதரையும் உற்றுப் பார்த்தார்கள்.
மடியில் கனம், வழியில் பயம்.
அந்தப் பயத்தின் மேல் கட்டியது எங்கள் வங்கி.
பொன்னை எங்களிடம் வைத்தார்கள், தாளை மடித்துப் போனார்கள்.
தாளும் குட்டி போட்டது.
பெட்டியில் கிடந்த பொன்னைக் காட்டிலும்
தாளில் மேய்ந்த ஆடுகள் பெருகிவிட்டதை
எண்ணியவன் நான்.
வாயைத் திறக்காதவனும் நானே.

வாட்டர்லூவில் பீரங்கி ஓய்ந்தது.
சிப்பாய்க்கு இறைச்சி தேவைப்படாமல் போன வருடம்
மாட்டு விலை சரிந்தது,
ஓட்டிகள் சரிந்தார்கள்,
பியூ கையை விரித்தார்.

மறுநாள் காலை கதவுக்கு வெளியே
என் கையெழுத்து கூட்டமாக நின்றது.
காலுறை பின்னி விற்ற காசு, கூலிக் காசு,
ஒரு கல்யாணத்துக்கு வைத்த காசு.
முதல் கல் ஜன்னலில் விழுந்தது.
இரண்டாவதை நான் பார்க்கவில்லை, மேசைக்கடியில் இருந்தேன்.

அப்போதுதான் லெயிக்கியின் குரல்.
மேட்டுப்பண்ணைக்காரி, விதவை.
நான்கு ஆடு விற்று இரண்டு தாள் வாங்கியவள்.
"பணம் வேண்டாம்" என்றாள்.
"என் ஆடுகளைக் கொடு.
இடக்காதில் கீழ்வெட்டு, இது எங்கள் குறி,
என் மாமனார் காலத்துக் குறி.
இந்தப் படத்தில் இருக்கிறது பார்."

பார்த்தேன்.
செதுக்குக்காரனின் உளி எப்போதோ வழுக்கியிருக்கிறது.
காதில் ஒரு சிறு பிசிறு.
நான் கையெழுத்திட்ட அத்தனை தாளிலும்
அத்தனை ஆட்டுக்கும் அதே பிசிறு.
"அப்படியானால் ஊரிலுள்ள தாளெல்லாம் உன்னுடையதா?"
என்றான் ஒருவன்.
"ஆமாம்" என்றாள்.
அன்றைக்கு அந்தத் தெருவில் அது ஒன்றுதான் சிரிப்பு.
கல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

கணக்கெடுக்க அதிகாரிகள் வரும் முன்னால்
நான் செய்த ஒரே திருட்டு:
செம்புத் தகட்டைக் கோட்டுக்குள் செருகி
பனியில் மேடேறினேன்.
"இதுதான் தாயாடு" என்றேன்,
"மற்றதெல்லாம் இது ஈன்றவை."
விளக்கருகே சாய்த்துப் பார்த்தாள்.
செம்பில் எல்லாம் தலைகீழ் இடவலம்.
"இது வலக்காதல்லவா,
வலக்காது வெட்டு மோரிஸ் வீட்டுக் குறி.
ஊரான் ஆட்டைக் கொண்டுவந்து தருகிறாய்."
ஆனால் திருப்பித் தரவில்லை.

ஒன்பது வருடம் கழித்துச் சுங்கச்சாவடியில் வேலை எனக்கு.
அவள் பண்ணை வழியாகப் போக நேர்ந்தது.
குதிரைக்கு ஓட்ஸ் கேட்டேன்.
அடையாளம் தெரிந்ததா தெரியவில்லை,
களஞ்சியப் பெட்டியைத் திறந்தாள்.
அடிப்பலகையில் எலி குடைந்த ஓட்டை மேல்
நான்கு ஆணி அடித்து, அந்தத் தகடு.
ஓட்ஸை ஒதுக்கி விரலால் தடவினேன்.
ஆடு இருந்தது, புல் இருந்தது,
பின்பக்கமாக ஓடும் வாக்குறுதி இருந்தது.
என் பெயர் இல்லை. அதைத் தாளில் மட்டும்தானே எழுதினேன்.

"எவ்வளவு?" என்றேன்.
"ஒரு பென்னி. காசாக."

பெட்டிக்கடியில்
ஏதோ ஒன்று செம்பைக் கடித்துப் பார்த்து,
நிறுத்தி,
மறுபடியும் கடித்தது.